மிதித்தால் ஓடும் வண்டி

வேனக்காவின் கால் உடைந்தது வேன் ஓட்டும்போது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர்தான் சொன்னார்கள். உண்மையில் வேன் சமர்த்தாக ஓட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவள் சலவை மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்கதவுப் படியில் இறங்கினாள். அன்றைக்கென்று பார்த்து வாசலைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். அவ்வளவுதான். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கணுக்கால் இரண்டு இடத்தில் போயிற்று.

பதினான்கு வருடம் அந்த வேனை ஓட்டியவள். ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் மேஜைத்துணி, முடிதிருத்தகத் துண்டு, நூலகத்துத் திரை என்று ஊரில் அழுக்கானதெல்லாம் அவள் கையால் ஏறும், வெளுத்த பிறகு அவள் கையாலேயே இறங்கும். வயது நாற்பத்தொன்பது. ஊருக்கெல்லாம் அவள் வேனக்கா. சலவை நிலையத்தை நடத்துகிற அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா.

எலும்பு கூட நாலு மாதம், பழையபடி நடக்க இன்னொரு நாலு மாதம் ஆயிற்று. எட்டாம் மாதக் கடைசியில் டாக்டர் காலை முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அந்தக் காகிதத்தை நேரே கொண்டுபோய் அண்ணன் மேஜைமேல் வைத்தாள்.

அண்ணன் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை என்று தெரிந்ததும் மறுபடி முன்பக்கத்தைப் படித்தார்.

"ரொம்ப சந்தோஷம் பாப்பா. அப்படியே மடிப்பு மேஜையிலயே இரு. உக்காந்த வேலை, காலுக்கு நல்லது."

"அண்ணா, அதுல என்ன எழுதியிருக்கு?"

"எழுதியிருக்கு. பேப்பரா வந்து பிரேக்கை மிதிக்கப் போவுது? மேட்டுத்தெருவுல முழு லோடோட எறங்கறப்ப உன் கால்தானே மிதிக்கணும்? நடுவுல அது விட்டுக் குடுத்துச்சுன்னா?"

"குடுக்காது."

"யாரு சொன்னா?"

"கால் என்னோடது. நான்தான் சொல்லணும்."

அண்ணன் எழுந்துபோய் நீராவிக் கொதிகலனின் அளவுமானியைப் பார்க்க ஆரம்பித்தார். அதைப் பார்க்க வேண்டிய வேளையே இல்லை அது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாட்களில் பெஞ்சிலேயே உட்கார்ந்தபடி தூங்கியவர் அவர். அவள் காலில் கட்டுப் போடும்போது கத்தியது கூட அவர்தான், அவள் இல்லை. பயம் ஒருமுறை வயிற்றில் புகுந்துவிட்டால் டாக்டர் கையெழுத்துக்கெல்லாம் வெளியே வருமா?

வேன் சாவி இப்போது மச்சானிடம் இருந்தது. மச்சான் என்றால் அண்ணியின் தம்பி. அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சலவை நிலையத்தில் எல்லோருக்குமே அவன் மச்சானாகிவிட்டான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான், நல்ல பிள்ளை. ஆனால் வலது எது இடது எது என்று கையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வான். அவன் புண்ணியத்தில் ஓட்டல் விருந்தாளிகள் ஒரு வாரம் முழுக்க 'அறுவை அரங்கு' என்று முத்திரை குத்திய போர்வையில் படுத்தெழுந்தார்கள். அதற்கும் அண்ணன், "பழகிக்குவான்" என்றார். தங்கை பழகியதை மறந்திருப்பாள் என்று நினைத்தவர், மச்சான் பழகாததைப் பழகிக்கொள்வான் என்று நம்பினார்.

அந்த வாரம்தான் பந்தயச் சுவரொட்டி ஒட்டினார்கள். எஞ்சின் இல்லாத உருட்டுவண்டிப் பந்தயம். மேட்டுத்தெருவின் உச்சியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அடிவாரத்துப் பஸ் நிறுத்தம் வரை. பதினெட்டு வயது தாண்டியவர்கள் மட்டும். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் எல்லாம் சட்டியையும் பெட்டியையும் சக்கரத்தில் வைத்துக்கொண்டு உருளுவார்கள். பிள்ளைகள் ஓரமாக நின்று சிரிப்பார்கள்.

வேனக்காவும் அவள் கூட்டாளிகள் இருவரும் இரண்டு வருடமாக அந்தப் பந்தயத்துக்கு வண்டி செய்துகொண்டிருந்தார்கள், அதாவது பேச்சில். நாலு மணிக்குச் சலவை நிலையத்தின் பின்னறையில், உலர்த்தும் இயந்திரத்தின் இதமான சூட்டில் மூவரும் டீ குடிப்பார்கள். ஒருத்தி நூலகத்தம்மா, வேனக்காவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயது, இருபது வருடமாக மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டிருப்பவர். சலவை நிலையத்துச் சரக்கு லிஃப்டைப் பார்க்க வந்தவர், டீ நன்றாக இருக்கிறது என்று வந்துகொண்டே இருந்தார்.

அன்றைக்கு வேனக்கா டீயைக் குடிக்கவில்லை. சுவரொட்டியில் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, இதுல நான் ஒத்தையா மேலேருந்து எறங்கி, கீழ போட்ட கோட்டுக்குள்ள வண்டிய நிறுத்திட்டேன்னா சாவியக் குடுப்பியா?"

"நிக்கலேன்னா?"

"மடிப்பு மேஜை. அப்புறம் சாவின்னு வாயத் தொறக்க மாட்டேன்."

அண்ணன் அவளைப் பார்த்தார், பின்னறையைப் பார்த்தார். "நீங்க மூணு பேரும் ரெண்டு வருஷமா டீ டம்ளரைத் தவிர ஒண்ணத்தையும் உருட்டல. சரி. நிறுத்திக் காட்டு, தரேன்."

செய்து முடிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் வாயை விட்டுவிட்டார். மச்சான் வேறு அங்கே நின்றுகொண்டிருந்தான். சாட்சியும் ஆயிற்று.

அன்றே வேலை ஆரம்பமாகிவிட்டது. துணி தள்ளுகிற பழைய தள்ளுவண்டியின் இரும்புச் சட்டம், அதில் கித்தான் தொட்டி. அதற்குள் உட்காரத் தோதாக ஒரு பலகை. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட சக்கர நாற்காலியின் பெரிய சக்கரங்கள் பின்னால். முன்னால் வைக்க, நூலகத்தம்மா புத்தகம் தள்ளுகிற வண்டி ஒன்றின் சக்கரங்களைக் கொண்டுவந்தாள். நூலகத்துக்குள் சத்தம் போட்டதற்காக அவள் வெளியே அனுப்பியவர்கள் பலர்; கீச்சிட்டதற்காக அந்த வண்டியையும் அனுப்பியிருந்தாள். முன்சக்கரப் பலகையை நடுவில் ஒரு போல்ட்டில் திரும்பும்படி மாட்டி, இரண்டு முனையிலும் கொடிக்கயிறு கட்டினார்கள். கயிறுதான் ஸ்டியரிங். வலது கயிற்றை இழுத்தால் வலப்பக்கம், இடதை இழுத்தால் இடப்பக்கம்.

"மச்சானுக்கு இந்த ஏற்பாடு பண்ணிக் குடுத்திருக்கலாம்" என்றாள் நூலகத்தம்மா.

பிரேக்கை மட்டும் மெக்கானிக் யாரையும் தொட விடவில்லை. "பிரேக் என் பொறுப்பு அக்கா. நீங்க கண்ண மூடிட்டு ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டார். கழற்றிப் போட்ட லிஃப்ட் ஒன்றிலிருந்து முழங்கை தடிமனில் ஒரு ஸ்பிரிங், ரப்பர் பதித்த இரண்டு கட்டைகள், முறுக்குக் கம்பி எல்லாம் கொண்டுவந்து, வண்டிக்கு அடியில் படுத்து ஒரு வாரம் வேலை செய்தார். வலது காலுக்கு நேராக அகலமாக ஒரு மிதி வைத்தார்.

ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. சலவை நிலையத்தின் பின்புறம் ஒரு சின்னச் சரிவு. அடியில் கொடிகளில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. வண்டியை மேலே வைத்துச் சக்கரத்துக்கு ஒரு கட்டை அண்டக் கொடுத்தார்கள். வேனக்கா ஏறி உட்கார்ந்தாள். சரிவில் வண்டியில் உட்கார்ந்தால் ஓட்டுநர் முதலில் என்ன செய்வார்? காலை வைத்து மிதியை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அவளும் பதினான்கு வருடப் பழக்கத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ரெடியாக்கா?"

"ரெடி தம்பி. கட்டைய எடு. நான் சொன்னப்புறம்தான் உருளும்."

கட்டையை எடுத்தார். அவள் சொல்லாமலே வண்டி உருண்டது. அவள் இன்னும் அழுத்தினாள். வண்டி இன்னும் வேகமாக ஓடியது. உடம்பின் பாரம் முழுவதையும் அந்த ஒற்றைக் காலில் இறக்கி மிதித்தாள். வண்டி அதற்கே காத்திருந்ததுபோல் பறந்தது. முதல் கொடி, இரண்டாம் கொடி, மூன்றாம் கொடி எல்லாம் அறுந்து, ஆஸ்பத்திரிப் போர்வை ஏழெட்டைச் சுற்றிக்கொண்டு, அடியில் கிடந்த மூட்டைக் குவியலில் போய் முட்டி நின்றது.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "தம்பி! பிரேக் எங்கடா தம்பி?"

மெக்கானிக் ஓடிவந்தார். "மிதிச்சுட்டே இருந்தீங்களேக்கா! எடுத்திருந்தா நின்னிருக்குமே!"

"எடுத்தா எப்படிடா நிக்கும்?"

"எடுத்தாத்தானே நிக்கும்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. லிஃப்டில் பிரேக் எப்போதும் பிடித்தபடிதான் இருக்கும். கரண்ட் வந்தால்தான் விடும். கரண்ட் போனால், கம்பி அறுந்தால், யார் என்ன தப்பு செய்தாலும், ஸ்பிரிங் தானாகவே கவ்விக்கொள்ளும். இருபது வருடமாக அந்த ஒரு பிரேக்கைத்தான் அவர் பார்த்திருக்கிறார். வேறு மாதிரி ஒரு பிரேக் இருக்கும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் அப்படித்தான், மறுபக்கமாக.

"ஏங்க, பஸ்ல ஏறினதே இல்லையா நீங்க?" என்று கேட்டாள் நூலகத்தம்மா.

"ஏறுவேன் மேடம். டிரைவர் கால யாரு பாக்கறா?"

அதற்குள் அண்ணன் படியிறங்கி வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "அடி பட்டுச்சா? நான் ஜன்னல்லேருந்து பாத்தேன். உன்னால மிதிக்க முடியல. சொன்னேனே பாப்பா."

"மிதிச்சேன் அண்ணா. மிதிச்சதுதான் தப்பாப் போச்சு."

அண்ணன் தலையாட்டினார். காய்ச்சலில் பிதற்றுகிறவர்களுக்குத் தலையாட்டுவோமே, அந்த மாதிரி. தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தட்டல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. போர்வைகளை உதறி மடிக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு நாள் குடுங்கக்கா, மாத்திடறேன்" என்றார் மெக்கானிக். "சாதாரண பிரேக்காவே வெச்சுத் தரேன்."

"மாத்தாதே."

"ஏண்டி?" என்றாள் நூலகத்தம்மா.

"சாதா பிரேக்குன்னா அங்கங்க லேசாத் தொட்டுக்கிட்டு, கடைசியில ஒரு தடவ அழுத்தினாப் போதும். அண்ணன் அதப் பாத்துட்டு, 'ஒரு தடவதானே, குருட்டு யோகம்'னுடுவான். இது அப்படி இல்ல. மேலேருந்து கீழ வரைக்கும் கால் மிதிச்ச மாதிரியே இருக்கணும். தளந்துச்சுன்னா நடுத்தெருவுல ஊரே பாக்க நின்னுடும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் அவனுக்கு?"

நூலகத்தம்மா விதித்தாளை எடுத்து விரலை வைத்துப் படித்தாள். "ஓட்டறவர் இயக்கக்கூடிய பிரேக் இருக்கணும்னுதான் போட்டிருக்கு. எந்தப் பக்கமா இயக்கணும்னு போடல."

பந்தயத்துக்குப் பதினாறு நாள் இருந்தது.

மெக்கானிக் மடிப்பு மேஜைக்கு அடியில் ஒரு மிதியும் கப்பியும் அமைத்துக் கொடுத்தார். கப்பியின் மறுபக்கம் ஒரு வாளி. வாளிக்குள் ஈரப் போர்வைகள். வண்டியின் ஸ்பிரிங்குக்கு எட்டு ஈரப் போர்வை சரியாக இருந்தது. அவள் கையால் துணி மடித்துக்கொண்டே வலது காலால் வாளியைத் தூக்கிப் பிடிப்பாள். மேட்டுத்தெருவை இறங்கி முடிக்க இரண்டு நிமிடம். முதல் நாள் நாற்பது எண்ணுவதற்குள் வாளி தரைக்கு வந்துவிட்டது, தண்ணீர் அவள் செருப்பெல்லாம். மூன்றாம் நாள் எழுபது. கணுக்கால் வீங்கினால் ஈரத்துணி சுற்றிக்கொண்டு, அடுத்த நாள் மறுபடி. எட்டாம் நாள் இருநூறு எண்ணியும் வாளி அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் மடிக்கிற பெண்கள், "அக்கா, ஒன்பதாவது போர்வை போடட்டுமா?" என்று கேலி செய்தார்கள். போடச் சொன்னாள். போட்டார்கள். அதற்கும் நின்றது.

பாரத்தைவிடப் பழக்கம்தான் அவளைப் பாடாய்ப்படுத்தியது. பிடித்துக்கொண்டிருப்பது சரி, ஆபத்து என்றால் எடுக்க வேண்டுமே! நூலகத்தம்மா எதிரில் உட்கார்ந்து புத்தகம் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்து திடீரென்று, "பூனை!" என்று கத்துவாள். வேனக்காவின் கால் வாளியைக் கூரைக்கே ஏற்றிவிடும்.

"பூனை போச்சு" என்பாள் நூலகத்தம்மா, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. "இதோட பதினொண்ணு."

"கத்தாதடி. உன் லைப்ரரியில இப்படிக் கத்துவியா?"

"அங்கல்லாம் கத்த முடியலன்னுதானே இங்க வந்து கத்தறேன். குழந்தை!"

வாளி மறுபடி மேலே போயிற்று.

பத்தாம் நாள், பூனை என்றதும் கால் ஒரு கணம் யோசித்தது. பதின்மூன்றாம் நாள் யோசிக்காமல் தானாக எழுந்தது. வாளி தொம்மென்று தரையில் இறங்க, மடிப்பு மேஜைப் பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். வியர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை உச்சியில் பதினொரு வண்டிகள். கட்டில் ஒன்று, குளியல் தொட்டி ஒன்று, முடிதிருத்துபவர் தன் கடை நாற்காலியையே நாலு சக்கரத்தில் ஏற்றி, கண்ணாடியோடு வந்திருந்தார். பந்தயக் குழுவினர் ஒவ்வொரு வண்டியையும் பிரேக் போட்டுவிட்டுத் தள்ளிப் பார்த்தார்கள். கட்டில் உருண்டது, சரிசெய்து கொண்டுவரச் சொன்னார்கள். வேனக்காவின் வண்டியை இரண்டு பேர் தள்ளியும் ஓர் அங்குலம் நகரவில்லை. உள்ளே ஆள்கூட இல்லை.

"அருமையான பிரேக்! யாரு செஞ்சது?"

மெக்கானிக்குக் கழுத்து இரண்டு விரற்கடை நீண்டது.

வேனக்காவின் கண் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தது. காணவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார் என்று நினைத்து, கீழே இருந்து வந்த ஒருவரிடம் கேட்டாள். அங்கேயும் இல்லையாம். "வராமலே இருந்துட்டானா?" என்று கேட்டாள்.

"வரலன்னா ஊரே சொல்லும். நீ ரோட்டப் பாரு" என்றாள் நூலகத்தம்மா. ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் கோபம்.

அரை நிமிடத்துக்கு ஒரு வண்டியாக அனுப்பினார்கள். முடிதிருத்துபவர் ஏழாவது. கண்ணாடியில் ஒருமுறை தலையைச் சரிபார்த்துக்கொண்டு, கையசைத்துக்கொண்டே போனார். வேனக்கா எட்டாவது. கூட்டாளிகள் இருவரும் பின்னால் நின்று தள்ளத் தயாரானார்கள்.

"அக்கா, மிதிச்சாத்தான்..."

"தெரியும் தம்பி. மிதிச்சா ஓடும்."

கொடி இறங்கியது. அவள் மிதித்தாள். ஸ்பிரிங் விட்டது. பத்தடி தள்ளிவிட்டு அவர்கள் நின்றுகொண்டார்கள். அப்புறம் தெருவும் அவளும்தான்.

தெரு அவளுக்குத் தெரிந்த தெரு. எந்த இடத்தில் சாக்கடை மூடி துருத்திக்கொண்டிருக்கும், எந்த வாசலில் சரிவு சாயும், எல்லாம் வேனில் பதினான்கு வருடம் இடுப்பால் படித்தது. இப்போது தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து அதையே மறுபடி படித்தாள். முப்பது எண்ணினாள். நாற்பது. கால் இரும்பாக நின்றது. நூலகத்து வண்டிச் சக்கரங்கள் கீச்சுக்கீச்சென்று கத்த, இருபக்கமும் முகங்கள் கோடாக ஓடின. அறுபது எண்ணும்போது வளைவு வந்தது.

வளைவில் வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. அவள் அறிந்து அங்கே சுவர் இல்லை. மூட்டைகள். சலவை நிலையத்து அழுக்கு மூட்டைகள், ஆள் உயரத்துக்கு. ஓரத்தில் வேன். மூட்டைகளுக்குப் பக்கத்தில் மச்சானும் அண்ணனும், விடிந்ததிலிருந்து அடுக்கிய களைப்போடு. விழுந்தால் அந்த வளைவில்தான் விழுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

விழுந்தது அவளில்லை. முடிதிருத்துபவரின் நாற்காலி மூட்டைகளில் மோதித் திரும்பி, தெருவுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அடியிலிருந்து அவர் தவழ்ந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

கூட்டம் அலறியது. "பிரேக்! பிரேக்கை மிதி!" அத்தனை குரலுக்கும் மேலே, அவளுக்கு நடக்கத் தெரியாத காலத்திலிருந்தே தெரிந்த ஒரு குரல்: "மிதி பாப்பா! மிதி!"

பதினான்கு வருடம் அவள் காலுக்குள் இருந்து அதையே சொன்னது. ஊர் சொன்னது. அண்ணன் சொன்னார்.

அவள் காலை எடுத்தாள்.

ஸ்பிரிங் கவ்வியது. பின்சக்கரம் இரண்டும் தாரில் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டு, வண்டி அரை வட்டம் திரும்பி, முடிதிருத்துபவரின் உள்ளங்காலுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. ரப்பர் தீய்ந்த வாசனை வந்தது.

அண்ணன் பாய்ந்து வந்து வண்டியைப் பிடிக்கக் கை நீட்டினார். வளைவில் கொடியோடு நின்ற பந்தயக் குழுக்காரர் விசிலை ஊதினார். "யாரும் தொடாதீங்க! தொட்டா வண்டி ஆட்டத்துலேருந்து வெளிய!"

நீட்டிய கை கித்தானுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டது.

"போதும் பாப்பா. எறங்கு. நிறுத்திட்ட, பாத்துட்டேன். போதும்."

"கோடு கீழல்ல இருக்கு" என்றாள்.

பின்னால் வரும் வண்டிகளைக் கொடி காட்டி நிறுத்திவிட்டு, முடிதிருத்துபவரை எழுப்பி, நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். அவருக்கு மூக்கில் ஒரு கீறல், கண்ணாடிக்கு அதுவும் இல்லை. வழி திறந்தது. வேனக்கா கயிற்றால் முன்சக்கரத்தைத் திருப்பி, மறுபடி மிதித்தாள்.

இப்போதுதான் பயம் வந்தது. நடக்கும்போது வராத பயம் நடந்து முடிந்த பிறகுதான் வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். கால் உதற ஆரம்பித்தது. உதறிய காலில் மிதி ஏறி ஏறி இறங்க, பிரேக் பிடித்துப் பிடித்து விட, வண்டி விக்கல் எடுத்தவனைப் போல் குதித்துக் குதித்துப் போயிற்று. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் இரண்டு கயிற்றையும் இடது கையில் சேர்த்துப் பிடித்தாள். வலது கையால் முழங்காலை அழுத்தினாள். "நில்லுடி" என்று காலிடம் சொன்னாள். "எட்டுப் போர்வை. அவ்வளவுதான். ஒன்பதே தூக்கியிருக்க." எண்ணத் தொடங்கினாள். பத்து எண்ணும்போது உதறல் குறைந்தது. இருபதில் நின்றது. முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வண்டி வழுவழுவென்று இறங்கியது.

சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு கட்டில் அளவு இடம். முன்சக்கரம் முதல் கோட்டைத் தாண்டியதும் காலை எடுத்தாள். வண்டி இரண்டாம் கோட்டைத் தொடாமல் நின்றது.

நேரக் கணக்கில் பத்தாவது இடம். பதினொன்றாவது முடிதிருத்துபவர், அவர் வந்தே சேரவில்லை. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? வளைவிலிருந்து அடிவாரம் வரை அண்ணன் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்திருந்தார். ஐம்பத்தாறு வயது. முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார்.

"நான் மிதின்னு கத்தினேன்" என்றார், மூச்சுக்கு நடுவே. "நீ எடுத்துட்ட."

"எடுத்தாத்தாண்ணா நிக்கும்."

"அன்னிக்கு நீ சொன்னப்ப எனக்குப் புரியல." நிமிர்ந்தார். "நான் சொன்ன மாதிரி மிதிச்சிருந்தியானா..." முடிக்கவில்லை. மச்சான் வேனை மெதுவாகக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அண்ணன் போய் அதிலிருந்து சாவியை உருவிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி லோடு. நீ எடு."

மெக்கானிக்கும் நூலகத்தம்மாவும் மேலிருந்து ஓடி வந்து சேர்ந்து, ஆளுக்கொரு பக்கம் அவளைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டார்கள். அவள் இருவரையும் விலக்கிவிட்டு வேனில் ஏறினாள். ஓட்டுநர் இருக்கை மச்சானின் நீளக் காலுக்குத் தோதாகப் பின்னால் போயிருந்தது. முன்னால் இழுத்துக்கொண்டாள். பிரேக்கில் கால் வைத்தாள். எதிரே ஒருவர் குளியல் தொட்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனார்.

அவள் கால் பிரேக்கை விட்டு எழுந்துகொண்டது.

எஞ்சின் ஓடவில்லை, வேன் நின்றபடிதான் இருந்தது. அவள் காலைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். பக்கத்தில் யாரோ பட்டென்று கதவைச் சாத்தினார்கள். மறுபடியும் எழுந்துகொண்டது.

இங்கேதான் நான் அவளை மெச்சுவேன். சாவி கையில், ஊர் கைதட்டலில், அண்ணன் முதல்முறையாகத் தலை குனிந்து நிற்கிறார். பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. அவள் இறங்கி வந்தாள்.

"அண்ணா, நாளைக்கு நான் எடுக்கல."

"என்னாச்சு? கால் வலிக்குதா?"

"கால் நல்லா இருக்கு. ஆனா எடுத்தா நிக்கும்னு பழகிடுச்சு. வேன்ல அப்படி எடுத்தேன்னா குறுக்க வர்றவன் கதி என்னாவறது? முதல்ல இத மறக்கணும்."

சொன்னேனே என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்திருக்கவும் கூடும். ஆனால் அவர் கேட்டது வேறு. "எத்தன நாளாவும்?"

"பழகப் பதினாறு நாள். மறக்க அதுல பாதி போதும். அதுவரைக்கும் மச்சான் ஓட்டட்டும், பக்கத்துல ஒக்காந்து நான் வழி சொல்றேன். சாயங்காலம் சந்தை மைதானம் ஆளில்லாம இருக்கும். அங்க வேனை எடுத்து ஓட்டிப் பாக்கறேன். நீ கூட வா."

"நானா?"

"நீதான் நல்லாக் கத்தற."

எட்டு நாள் அண்ணன் அந்த வெற்று மைதானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தோன்றியபோதெல்லாம், "நிறுத்து!" என்று கத்தினார். முதல் நாள் வேன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கைபிரேக்கை இழுத்து நிறுத்தினார்கள். நாலாம் நாள் பத்துக்கு ஏழு. எட்டாம் நாள் பத்துக்குப் பத்து. அதற்கு மேலும் இருபது கத்தச் சொன்னாள், இருபதுக்கும் நின்றது.

ஒன்பதாம் நாள் காலை, ஆஸ்பத்திரி லோடு. முழு பாரம். அண்ணன் கேட்காமலே ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேன் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேட்டுத்தெருவில் இறங்கியது. வளைவில் ஒரு பெண் சைக்கிளை உருட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வந்தாள். அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு சத்தம் வரவில்லை. வேனக்கா மிதித்தாள். வேன் நின்றது. சைக்கிள்காரி கடந்து போனாள், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேதான்.

அடிவாரத்துப் பஸ் நிறுத்தம் வந்ததும் அண்ணன் பெல்ட்டைக் கழற்றினார்.

"இங்கயே நிறுத்து பாப்பா. நான் எறங்கிக்கறேன்."

"ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதி தூரம் இருக்கே?"

"நீ போய்ட்டு வா. எனக்குக் கடையில வேலை கெடக்கு."

அவர் கதவைச் சாத்திவிட்டு, வந்த மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வேனக்கா கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தாள்.